பையரைப் பொங்கலூர் வழியாக நகர்த்திய படைத்தளபதி

திருப்பூரில் பனியன் தைப்பது பெரிய வித்தை இல்லை. ஆர்டர் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வரும் பையரை அடுத்த கம்பெனிக்காரன் கண்ணில் படாமல் காப்பாற்றுவதுதான் வித்தை. ஓட்டலில் அவரைத் தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் இன்னொருவர் ஆபீசில் இளநீர் குடித்துக்கொண்டிருப்பார். சந்தேகப்படத் தெரியாதவனுக்கு இந்த ஊரில் யாரும் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

எனக்கு அந்தத் தகுதி தேவைக்கு மேலேயே இருந்தது. காரணம் ஒரு கம்ப்யூட்டர் கேம். டிராகன், பூதம், மந்திரவாதி எல்லாம் படையில் இருப்பார்கள். சதுரங்கம் போல நாம் ஒரு முறை நகர்த்தினால் எதிரி ஒரு முறை நகர்த்துவான். எதிரியின் கோட்டையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். அதற்குள் கால் வைத்தால் அவன் படை பாய்ந்து வந்து வழிமறிக்கும். மாட்டினால் ஒரு தடவை பின்வாங்கலாம். மறுபடி மாட்டினால் ஓட முடியாது, கதை முடிந்தது. பதுங்கிப் பதுங்கிப் போனால் யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனால் ஆமை வேகம்தான். நான் எப்போதும் பதுங்கித்தான் போவேன். (ஒருமுறை என் படை மலையைச் சுற்றிப் பதுங்கி வருவதற்குள் என் தலைநகரையே பிடித்துவிட்டார்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.)

நெருப்பெரிச்சலில் என் சித்தப்பாவுக்கு ஒரு யூனிட். அடுத்தவர் வாங்கிய ஆர்டரை ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுத்தே அவருக்குத் தலை நரைத்திருந்தது. முதன்முறையாக ஒரு பையர் நேராக எங்கள் யூனிட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார். மார்த்தா என்று பெயர். காலையில் கோவை ஏர்போர்ட்டில் இறங்கி, மாலையே திரும்பிவிடுவார். இடையில் எங்கள் வேலை பிடித்துப்போனால் ஆர்டர் நேரடியாகச் சித்தப்பாவுக்கு. அவர் யூனிட்டுக்கு வெள்ளையடித்தார், டெய்லர்களுக்கெல்லாம் புது ஏப்ரன் வாங்கினார், கடைசியில் ஒரு தப்பும் செய்தார். கூட்டிவரும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

“கண்ணு, ராயபுரத்துக்காரரும் அந்தம்மாவுக்கு மெயில் போட்டிருக்காராமா. எங்கீம் நிறுத்தாம பதனமா கூட்டியாந்துரு” என்றார்.

போதாதா? என் தலைக்குள், அந்தப் போட்டிக் கம்பெனி இருக்கும் திருப்பூர் ராயபுரத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் விழுந்துவிட்டது. ஒற்றர்கள் கண்டுபிடிக்கக்கூடாது என்று போனை அணைத்தேன். மார்த்தாவைக் காரில் ஏற்றி அவினாசி ரோட்டைப் பிடித்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு வெள்ளைக் கார். நான் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. நடுவில் ஹாரன் வேறு.

கருமத்தம்பட்டியில் சடாரென்று வலது பக்கம் திருப்பினேன். அதாவது பின்வாங்கினேன். சோமனூர் வந்தது, பல்லடம் வந்தது, வெள்ளைக் காரும் வந்தது. இனி பதுங்குவதுதான் வழி என்று பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்து மண்பாதைக்குள் வண்டியை இறக்கினேன். இரண்டு பக்கமும் தென்னை, நடுவில் குழி. மார்த்தாவின் தலை கூரையில் இடித்தது.

“இஸ் திஸ் தி வே டு தி ஃபேக்டரி?” என்று கேட்டார்.

“ஷார்ட்கட் மேடம்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “ஹூ இஸ் ஃபாலோயிங் அஸ்?”

நான் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “டோன்ட் வொரி மேடம். எனிமி” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போனில் வேகவேகமாக ஏதோ தட்டினார். ஆர்டர் விவரம் போலிருக்கிறது என்று நான் பூரித்துப்போனேன்.

எதிரே தேங்காய் ஏற்றிய டிராக்டர் வந்து பாதையை அடைத்தது. பின்னால் வெள்ளைக் கார். பதறி ரிவர்ஸ் எடுத்தேன். பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. வெள்ளைக் காரின் கதவு திறந்தது. ஒரு கையில் தூக்குப்போசி, மறு கையில் காபி பிளாஸ்க்கோடு இறங்கியவர் என் சித்தி.

“ஏங் கண்ணு, நெருப்பெரிச்சலுக்கு இதா வழி? எத்தன தடவ போன் பண்றது? இட்லி ஆறிப்போச்சு!”

சித்தியின் தம்பி வாங்கிய புது வண்டியாம். நான் பார்த்ததே இல்லை. என்னை நம்பாமல் சித்தப்பாதான் பின்னாலேயே அனுப்பியிருக்கிறார். (“எனக்கென்ன சந்தேகம், உங்க சித்திதான்...” என்று அவர் பிற்பாடு சொன்னார். “நானெங்க, அவருதான்” என்றார் சித்தி. இன்றுவரை தீர்ப்பாகவில்லை.)

சித்தி மார்த்தாவிடம் காபியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. காபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியை எடுத்துக்கொண்டு டிராக்டர்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். சித்தியின் காரில் ஏறச் சொல்லிக் கெஞ்சினோம். “நோ எனிமி மேடம், ஆன்ட்டி” என்று நான் விளக்கியும் பார்த்தேன். அவர் இன்னும் இரண்டடி தள்ளிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மூன்றாவதாக ஒரு கார் வந்தது. இறங்கியவர் வெள்ளை வேட்டியில் கைகூப்பினார். “டோன்ட் ஃபியர் மேடம். ஐ சா யுவர் மெசேஜ், இம்மீடியட்லி ஸ்டார்ட்டட்.” ராயபுரத்துக்காரர்! திருப்பூரில் மார்த்தாவுக்குத் தெரிந்த இன்னொரு நம்பர் அவருடையது மட்டும்தான். அவர்தான் பாவம், லொகேஷன் கேட்டு வாங்கித் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். மார்த்தா ஓடிப்போய் அவர் காரில் ஏறினார். போகிறபோது அந்த மனுஷன் என் சக்கரத்தை வாய்க்காலிலிருந்து தூக்கிவிடவும் கை கொடுத்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

சித்தப்பா திட்டவில்லை. வெள்ளையடித்த சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த மாதம் அந்த ஆர்டர் எங்கள் யூனிட்டுக்கு வரத்தான் செய்தது, ராயபுரத்திலிருந்து ஜாப் ஒர்க்காக. ஒவ்வொரு டி-ஷர்ட்டிலும் அவர் கம்பெனி லேபிளை நாங்களே வைத்துத் தைத்தோம்.

சித்தப்பா பிறகு சொந்தமாக ஆர்டர் பிடித்தார். பையரைக் கூட்டிவர டாக்சி வைத்தார். எனக்கும் ஒரு நல்ல இடத்தில் பெண் அமைந்தது. கல்யாணம் முடிந்து மண்டபத்து வாசலில் நான் காரை ஸ்டார்ட் செய்ய, புதுப்பெண் கதவைத் திறந்தாள். சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தார்.

“கண்ணு, மொதல்ல எனக்கு லொகேஷனப் போடு. அப்பறமா ஏறு.”

மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே போட்டும் விட்டாள். இத்தனை வருஷம் கழித்தும் என்னோடு கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினால்கூடப் போடுகிறாள். எதற்கு என்று கேட்டால், “சும்மாதானுங்க” என்கிறாள். நான் நம்பவில்லை.