கன்டினியூட்டி காத்த குழாய்

தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய எங்கள் கல்லுப்புத் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. இது எங்களுக்கும் தெரியும், அதிகாரிகளுக்கும் தெரியும். இரு தரப்புக்கும் தெரிந்த விஷயம் என்பதால் பேசிக்கொள்ள எதுவும் இல்லாமல் சுமுகமாக இருந்தோம்.

இந்தச் சுமுகத்தைக் கெடுத்தவர் சமூக நீதி ஆவணப்பட இயக்குநர் மகாராஜன். நாசரேத்துப் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். பெண்ணைப் பெற்றவளை அழவைத்துப் படம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இவ்வளவு திறமையும் கல்யாண மண்டபத்தோடு வீணாகிறதே என்று யாரோ சொல்லப்போக, தாடி வளர்த்துக்கொண்டு சமூக நீதிக்கு வந்துவிட்டார்.

அவர் எடுத்த 'ஈரமில்லாக் குடம்' படத்தில் எங்கள் தெரு பேச்சியக்கா காலிக் குடத்தோடு உப்புப் பாத்தி வரப்பில் நடந்து போவாள். போவாள், போவாள், போய்க்கொண்டே இருப்பாள். வெளிநாட்டில் பரிசு கொடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, உவர்நிலக் குடிநீர் நல்வாழ்வுப் பிரிவின் பொறியாளர் சுந்தரராஜ் கர்சீப் நனைய அழுதார். அழுத வேகத்தில் பைப்பையும் போட்டுவிட்டார். தெருமுனையில் பளபளவென்று ஒரு குழாய். வால்வைத் திறப்பது மட்டும்தான் பாக்கி.

திறக்கப் போகிற நேரத்தில் மகாராஜனின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

"சார், கைய வைக்காதீங்க! ரெண்டாம் பாகம் எடுக்கப்போறேன். இப்ப தண்ணி வந்தா கன்டினியூட்டி போயிரும்."

"அப்படின்னா என்ன?"

"போன ஷாட்ல எப்படி இருந்துச்சோ, அடுத்த ஷாட்லயும் அப்படியே இருக்கணும் சார்."

பொறியாளரின் கண்கள் கலங்கின. "நான் சர்வீஸ்ல சேந்த நாள்லேருந்து எங்க ஆபீஸ்ல இததான செய்யுதோம். இதுக்கு இப்படி ஒரு பேரு இருக்கது தெரியாமப் போச்சே!"

குழாயைச் சாக்கு சுற்றிக் கட்டினார்கள். 'சமூக நீதியின் பொருட்டுக் குடிநீர் வழங்கல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்ற பலகையும் நடப்பட்டது.

பேச்சியக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. வெயிலில் உப்பு வாரிவிட்டு உதடு வெடித்து வருகிறவள் அவள்.

"தம்பி, நாக்கு மேலண்ணத்துல ஒட்டுது. படத்தப் பெறகு எடு. தண்ணி இப்ப வேணும்."

"அக்கா, ஒங்க குரல் உலகத்துக்கே கேட்டிருக்கு."

"கேட்டுட்டு உலகம் என்ன சொல்லுது?"

"எந்திரிச்சு நின்னு கை தட்டுது."

"தட்டுத கையில ஆளுக்கொரு கொடத்தத் தூக்கிட்டு வரச் சொல்லு."

மகாராஜன் மெய்சிலிர்த்துப் போனார். இதையே இன்னும் கொஞ்சம் மெதுவாக, கடலைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் பாகத்துக்கும் பரிசு வந்தது. பரிசு கொடுத்தவர்கள் நேரில் பார்க்க வரலாம் என்பதால் சாக்கு அவிழவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து எங்கள் தாகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்களும் மோசமில்லை. ஊர் பேர் கெடக்கூடாது அல்லவா? புதுக் குடம் வாங்கி வந்தவர்களிடம் பக்கத்து வீட்டுச் சந்தனச்செல்வி அதை வாங்கி, பாங்காக ஒரு மிதி மிதித்து நெளித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒருநாள் மத்தியானம் உப்பளத்திலிருந்து வந்த பேச்சியக்கா நேரே குழாயடிக்குப் போனாள். சாக்கைப் பிய்த்தாள், வால்வைத் திருகினாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் ஏந்தி ஏந்திக் குடித்தாள். குடிக்கக் குடிக்க அழுதாள். எங்களில் நாலைந்து பேர் குடத்தோடு ஓடிப்போய்ப் பிடிக்கக்கூடச் செய்தோம்.

தற்செயலாகப் பொறியாளரோடு அங்கே நின்றிருந்த மகாராஜன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ, புரட்சி! மூணாம் பாகமே இதுதான்! கேமராவ ஆன் பண்ணலயே! அக்கா, இன்னொரு தடவ."

சொல்லி வாய் மூடவில்லை, சுந்தரராஜ் வால்வை மூடிவிட்டார். சந்தனச்செல்வி சாக்கைத் தைத்துச் சுற்றினாள். "ஏளா, தரை ஈரமாத் தெரியுது பாரு, உப்ப அள்ளிப் போடுங்க! பிடிச்ச தண்ணிய எல்லாம் கொண்டுபோயி பாத்தியில கவுத்துங்க" என்று அவளே அதிகாரம் பண்ணினாள். கவிழ்த்தோம்.

பேச்சியக்கா வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏலே, கொடத்துல உள்ளதக் கவுத்தாச்சு. நான் குடிச்சுட்டேனே, அத என்ன செய்வ?"

மகாராஜனின் குரல் குழைந்தது. "அதனால என்ன அக்கா? நீங்க நிதானமா தாகமாகுங்க. எத்தன நேரம் ஆனாலும் நாங்க காத்திருக்கோம்."

பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னோம். பேச்சியக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வெயிலில் உட்காரவைத்துவிட்டு, நாங்கள் நிழலில் ஒதுங்கி நின்றோம்.