கண்ணாடிக் கூண்டு இப்போது கார் நிறுத்துமிடத்தில்

நியூயார்க்,
டிசம்பர் 3, 1958, புதன்கிழமை

மரியாதைக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் பெர்னீஸ் பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மாவுக்கு இருமல், எனக்கு வேலை இல்லை, மற்றபடி இருவரும் சௌக்கியம். அங்கே ஸ்க்ரான்டனில் தங்கள் முழங்கால், அடுப்புக் கரி, பக்கத்து வீட்டு நோவாக் அம்மாள் எல்லாரும் நலமாக இருக்கவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அது அணைந்துவிட்டது. அம்மா வேறொன்று ஏற்றினாள்.

தங்கள் கடிதம் கிடைத்தது. போன செவ்வாய்க்கிழமை டெலிவிஷனில் 'தங்க ஏணி' கேள்விப் போட்டி வரவேண்டிய நேரத்தில் துப்பாக்கிக்காரன் ஒருவன் குதிரையில் வந்துபோனதாகவும், அவன் ஒரு வார விருந்தாளியாகத்தான் இருப்பான் என்றும், போட்டியில் நிற்க வருவதற்குச் சனிக்கிழமை காலைப் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து, நீலக் கோட்டும் தைத்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரியப்பா, அந்தக் குதிரைக்காரன் விருந்தாளி இல்லை. இனி செவ்வாய்க்கிழமை அவனுடையதுதான். திங்கட்கிழமைப் போட்டி செப்டம்பரிலேயே போயிற்று. வியாழக்கிழமைப் போட்டிக்கு அறிவிப்புகூட இல்லை. ஒருநாள் அந்த இடத்தில் ஒரு பாட்டுக்காரி நின்றாள், அவ்வளவுதான். ராத்திரியில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு கிழமையாகக் காணாமல் போனார்கள். நாங்கள்தான் கடைசி.

அங்கே உங்கள் ஊர்ப் பாதிரியார் நவநாள் செபத்தையே நம் போட்டிக்காகச் செவ்வாயிலிருந்து புதனுக்கு மாற்றினாரே, இனி அவர் அதைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் டெலிவிஷன் பார்க்க வந்து முன்னறையில் நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டத்தில் எத்தனை பேர் குதிரைக்காகவும் வருவார்கள் என்று தெரியவில்லை. நோவாக் அம்மாள் வருவார். அவருக்கு உங்கள் அடுப்புக் கணப்பு பிடிக்கும்.

இது எப்படி நடந்தது என்று தாங்கள் கேட்டதால் முதலிலிருந்து எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியை கேள்வி கேட்டாலே நான் வகுப்பை விட்டு ஓடிவிடுவேன், அதனால் படிப்பை விட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளுக்குக் கேள்வி கேட்கிற இடத்திலேயே வேலை கிடைத்தது கடவுளின் விளையாட்டு. அம்மா ஸ்டுடியோவில் தரை துடைக்கிறாள். நான் ஒரு ஆண்பிள்ளை உயரம் வளர்ந்திருக்கிறேன். எனவே பிற்பகல் ஒத்திகையில் போட்டியாளருக்குப் பதிலாக அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று விளக்கையும் கேமராவையும் அவர்கள் சரிசெய்துகொள்ள முகத்தைக் காட்டுவதே என் வேலையாக இருந்தது. உள்ளே பேசினால் வெளியே கேட்காது, வெளியே பேசினால் உள்ளே கேட்காது. நான் வாழ்க்கையில் முதன்முதலாக வாய்விட்டுப் பேசியது அங்கேதான். காலையில் என்ன சாப்பிட்டேன், அம்மா என்ன திட்டினாள், தங்கள் மகன் எட்மண்ட் அண்ணன் இப்போது எந்த ஊரில் இருப்பான் என்றெல்லாம் நின்றபடி பேசிக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஒலிப்பெட்டி பார்க்கும் லூ என்னிடம் வந்து, "பெர்னீஸு, இன்னிக்கு மைக்கை அணைக்க மறந்துட்டேன். உங்க வீட்டு முட்டைக்கோஸ் தீஞ்ச கதைய முழுசாக் கேட்டேன். பாவம் உங்கம்மா" என்றார். அதன்பின் அவர் தாழ்வாரத்தின் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் போனேன்.

ஆகஸ்டில் தாங்கள் தேர்வுக்கு வந்த அன்று நடந்ததை இதுவரை சொல்லவில்லை. கூண்டுக்குள் நின்ற தங்களுக்கு வெளியே பேசியது கேட்டிருக்காது. நான் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். போட்டியாளர்களைத் தயார் செய்யும் கார்வின், போட்டிக்குப் பணம் கொடுக்கும் தரை மெருகு டப்பா கம்பெனியிலிருந்து வந்தவரைத் தோளில் தட்டி, "அந்த மூஞ்சியப் பாருங்க சார்! கூண்டுல குளிர்காத்து மெஷின நிறுத்தி அஞ்சு நிமிஷம்கூட ஆகல, என்னமா வேர்க்குது! சுரங்கத்துல கெடந்த ஒடம்பு சார்" என்றார்.

"விஷயம் ஏதாவது தெரியுமா அவருக்கு?" என்றார் மெருகுக்காரர்.

"ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான நாம இருக்கோம்?"

"எதுல புலின்னு சொல்லப் போறீங்க?"

"ஆப்பரா."

"சுரங்கத்தாளுக்கு ஆப்பராவா! அது பணக்காரங்க பாட்டு நாடகமாச்சே!"

"அதான் சார் விசேஷம். ஜனங்க அழுதுடுவாங்க."

அப்போது தாங்கள் உள்ளே கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, எட்மண்ட் அண்ணன் எதிரே நிற்பதுபோல ஒரு மாதிரி சிரித்துப் பழகினீர்கள். கார்வின் அதைப் பார்த்து, "சிரிக்க வேண்டாம்னு சொல்லணும், சிரிச்சா வேர்வை தெரியாது" என்றார். எனக்கு அழுகை வந்தது. கம்பம் மறைத்துக்கொண்டது.

தாங்கள் வெளியே வந்ததும் கார்வின் காதோடு காதாக ஒரு கேள்வியையும் அதற்குப் பதிலையும் சொன்னாரே, அப்போது தாங்கள் கேட்டதை இங்கே எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "பதிலு எனக்கே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் கேள்வி கேக்குறவரு எதுக்கு என்னைக் கேக்கணும்? அவருக்குத் தெரியலையா?" கார்வின் அதற்குள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். மூன்று வாரம் ஜெயித்து நாலாம் வாரம் தோற்கவேண்டும், நெற்றியைத் துடைக்கக் கூடாது, கைக்குட்டையால் ஒற்றி எடுக்கவேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தபோது தாங்கள், "மொத வாரமே தோத்தாலும் சரிதாங்க. ஆனா உள்ள ரொம்ப நேரம் நிக்க வுடணும். நல்லா யோசிக்கிற மாதிரி நிப்பேன். ஊரு பூரா பாக்கும்ல?" என்றீர்கள்.

ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். சுரங்கத்தில் இறங்கமாட்டேன் என்று சொன்னதற்காக எட்மண்ட் அண்ணனைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பி, இனி இந்த வாசல்படி மிதிக்காதே என்றீர்கள். மறுவருடம் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள், ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்க அண்ணனுடைய முகவரி யாரிடமும் இல்லை. அவன் எந்த மூலையில் இருந்தாலும் செவ்வாய்க்கிழமை எல்லாரையும்போல இந்தப் போட்டியைப் பார்ப்பான், அப்பா கண்ணாடிக்குள் வேர்த்து நிற்பதைப் பார்த்தால் மனம் இளகும் என்பது தங்கள் கணக்கு. யாரிடமும் எதுவும் கேட்காத நான் கார்வினிடம் போய்த் தங்களுக்கு ஒரு வாய்ப்புக் கேட்டதும் அதனால்தான். கேட்டேன் என்றால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

தங்கள் முறை வருவதற்குள் விஷயம் பேப்பரில் வந்துவிட்டது. வேறொரு போட்டியில் தோற்ற ஒருவர், தனக்குப் பதில் சொல்லிக் கொடுத்தார்கள், பிறகு தோற்கவும் சொன்னார்கள் என்று அரசு வக்கீலிடம் போய்ச் சொல்லிவிட்டார். அதன்பின் எங்கள் ஸ்டுடியோவில் யாரும் யாரோடும் காதில் பேசவில்லை. எல்லாரும் இரண்டடி தள்ளி நின்று, வணக்கத்தைக்கூடச் சாட்சிக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்கள். பதில்களைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த வாரப் போட்டியாளர் ஒரு பல் டாக்டர். நதிகளில் புலி என்று ஊரே நம்பியவர். முதல் கேள்விக்கே வாயைத் திறந்து அப்படியே நின்றார். அன்றைக்கு அவருக்கு வேர்த்தது உண்மையான வேர்வை. ஆனால் பார்க்க அழகாக இல்லை என்று மெருகுக் கம்பெனியில் சொன்னார்களாம்.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் வழக்கம்போலக் கூண்டுக்குள் நின்றிருந்தேன். கோட்டுப் போட்ட சிலர் வந்தார்கள். வாய்கள் அசைந்தன. ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார், ஒரு பெண் அழுதாள், நான் அதை ஒத்திகை என்று நினைத்தேன். பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்லாரும் போய்விட்டார்கள். அந்தக் கதவை வெளியிலிருந்துதான் திறக்கமுடியும். நான் கத்தினேன், பெரியப்பா, பிறந்ததிலிருந்து அப்படிக் கத்தியதில்லை, யாருக்கும் கேட்கவில்லை. நம் நிகழ்ச்சி செத்துப்போனது உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்தபின் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்தான், அதுவும் ஒரு குதிரை மூலமாக. புது நிகழ்ச்சிக்குப் படம் எடுப்பதற்காக அதைத் தாழ்வாரம் வழியாகக் கூட்டிவந்தார்கள். அது நேரே வந்து கண்ணாடியை நக்கிவிட்டு என்னை உற்றுப் பார்த்தது. அதைத் திட்டிக்கொண்டே வந்த லூதான் என்னையும் பார்த்தார். கதவைத் திறந்து, "ஐயையோ, ஒங்கிட்ட யாருமே சொல்லலையா?" என்றார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து கசங்கிய ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். நான் ஓடவில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

அம்மாவுக்கு வேலை போகவில்லை. எந்த நிகழ்ச்சியானாலும் தரை தரைதானே. குதிரை வந்தபின் அவளுக்கு வேலை இரட்டிப்பு.

தங்கள் விஷயத்தை நான் விட்டுவிடவில்லை என்பதையும் எழுதவேண்டும். அட்டைப்பெட்டியில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கார்வின் தெருவில் டாக்ஸிக்கு நின்றபோது, பின்னாலேயே போய் நின்றேன். சீட்டு எழுத நேரமில்லை. "எங்க பெரியப்பா என்ன ஆவாரு?" என்று வாயாலேயே கேட்டுவிட்டேன்.

"யாரும்மா ஒங்க பெரியப்பா?"

"சுரங்கத்துக்காரரு. ஆப்பரா."

"ஓ, வேர்வைக்காரரா! போய்ச் சொல்லு அவருகிட்ட, பெரிய அதிர்ஷ்டசாலின்னு. ஒரு மாசம் முன்னாடி உள்ள போயிருந்தா இன்னிக்கு ஜட்ஜு முன்னால நின்னிருப்பாரு!"

"ஜட்ஜு முன்னால நின்னா பேப்பர்ல படம் போடுவாங்களா?" என்று கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். பெட்டியைக் கீழே வைத்தார். டாக்ஸி வந்துவிட்டது.

ஆகவே ஸ்டுடியோ இல்லை, போட்டி இல்லை, ஆப்பரா இல்லை. ஆனால் டிக்கெட்டும் கோட்டும் இருக்கின்றன, அவற்றை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. கூண்டைக் குப்பைக்காரர்கள்கூட எடுக்கமாட்டோம் என்று சொன்னதால், இரண்டு தெரு தள்ளிக் கார் நிறுத்துமிடம் வைத்திருக்கும் சால்வடோர் அதை உருட்டிக்கொண்டு போய், பூட்டைக் கழற்றிவிட்டு, குளிருக்கு உள்ளே உட்கார்ந்து காவல் பார்க்கிறார். மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்திருக்கிறார். நேற்றுப் போய்க் கேட்டேன். "ஒங்க பெரியப்பா ஒரு மணி நேரம் நின்னுக்கட்டும், எனக்கும் காபி குடிக்கணும். ஆனா வர்ற காருக்கெல்லாம் சாவி வாங்கி மாட்டணும், சொல்லிட்டேன்" என்றார். அந்தத் தெருவில் எந்நேரமும் கார்கள் போகின்றன, பெரியப்பா. பல ஊர் நம்பர் கார்கள். எதிலாவது அண்ணன் இருக்கமாட்டான் என்று யார் சொல்லமுடியும்? இது பெரிய வழி இல்லை என்று எனக்கே தெரியும். வேறு வழி தோன்றவில்லை. எனவே தயவுசெய்து சனிக்கிழமை கட்டாயம் வந்துவிடவும். பஸ் நிலையத்தில் அம்மாவோடு நிற்பேன்.

பாதிரியாருக்கு என் வணக்கம். நோவாக் அம்மாளுக்கு அம்மா விசாரிப்பு சொல்லச் சொன்னாள். அவர் அனுப்பிய கசகசா ரொட்டி வழியிலேயே கல்லாகிவிட்டது, ஆனாலும் ருசி. தங்களை ஆண்டவர் எல்லாத் தீங்கிலிருந்தும் காக்கட்டும், எங்களுக்கும் நேரம் ஒதுக்கட்டும்.

தங்கள் ஆசியை வேண்டும்,
பெர்னீஸ்

பின்குறிப்பு: பெரியப்பா, மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். வராதீர்கள். உறையை ஒட்டப்போகும்போது கீழே மருந்துக்கடைக்காரர், "பெர்னீஸு, போன்! தூரத்துலேருந்து! சீக்கிரம், காசு ஓடுது!" என்று கத்தினார். நம் குடும்பத்துக்கே தெரிந்த ஒரே நம்பர் அந்தக் கடை நம்பர்தானே. அம்மா வேலையில். போனில் பேசுவதென்றால் எனக்கு எப்படி என்று தெரியும். ஆனால் கடையின் போன் அறையும் கண்ணாடிக் கூண்டுதான், பெரியப்பா. கதவைச் சாத்தியதும் பேச்சு வந்துவிட்டது. பேசியது எட்மண்ட் அண்ணன். "யாரு, பெர்னீஸா? நீ பேசக்கூடச் செய்வியா?" என்றான். இத்தனை வருடமும் பெரிய ஏரிகளில் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் இருந்திருக்கிறான். ஏரி உறைகிறது என்று இறக்கிவிட்டார்களாம். செவ்வாய்க்கிழமைப் போட்டியைப் பற்றிக் கேட்டேன். "எந்தப் போட்டி? கப்பல்ல ஏது டெலிவிஷன்?" என்றான். எல்லாம் சொன்னேன்: கூண்டு, வேர்வை, ஆப்பரா, நீலக் கோட்டு. சிரித்தான். பிறகு, "அப்பாவா? எனக்காகவா?" என்று இரண்டு தரம் கேட்டான். "சும்மா சொல்ற" என்றான். சனிக்கிழமை மத்தியானம் ஸ்க்ரான்டன் வருகிறான். "கதவு பூட்டியிருந்தா அப்படியே திரும்பிருவேன். தட்ட மாட்டேன். ஒருதரம் வெளிய போடான்னு கேட்டது போதும்" என்றான். எங்கே தங்குகிறான் என்று கேட்பதற்குள் காசு தீர்ந்துவிட்டது. டெலிபோன் வேண்டாம் என்ற தங்களுக்கு இதைச் சொல்ல இந்தக் கடிதம்தான் இருக்கிறது. இதை ஓடிப்போய்ப் போடுகிறேன்.

கடைக்குக்கூடப் போகாதீர்கள். நோவாக் அம்மாளிடம் சொல்லி ரொட்டி வாங்குங்கள். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்னறை விளக்கை ஏற்றி, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் தெருவைப் பார்த்து நில்லுங்கள். வேர்த்தால் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள். கார்வின் சொன்னதைக் கேட்காமல் சிரியுங்கள்.