உருப்படாத வெள்ளிக்கிழமைகள்

எவேலியா டீச்சர் மூன்றாவது முறையாக மணியை அடித்தாள். நூலக அறையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தத் தமாலே பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கினதுதானே?" என்றார் கணக்கு வாத்தியார் எர்மிலோ, சுற்றியிருந்த சோள இலையைப் பிரித்தபடி. "மாவு கல்லு மாதிரி இருக்கு."

"கல்லா? இது எங்க அத்தை செஞ்சது சார்" என்றாள் ஸ்பானிஷ் டீச்சர் செனாய்தா.

"அதான் சொல்றேன், கல்லு மாதிரி உறுதி! அத்தை கைப்பக்குவம்னா சும்மாவா?"

அன்று அக்டோபர் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. மாதத்தின் கடைசி வெள்ளி வந்தால் பிள்ளைகளுக்கு விடுமுறை. ஆசிரியர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து பள்ளியைப் பற்றிப் பேச வேண்டும். மெக்சிகோ முழுக்க அப்படித்தான். சிலாபா ஊரின் இந்த உயர்நிலைப் பள்ளியிலும் கூடினார்கள், உட்கார்ந்தார்கள். பேச்சு மட்டும் காலைச் சாப்பாட்டைத் தாண்டுவதில்லை.

கரும்பலகையில் எவேலியாவின் அச்சுப் போன்ற கையெழுத்தில் ஒரே ஒரு விஷயம் காத்திருந்தது: அறுவடைக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகள். மலைக் கிராமத்துக் குடும்பங்கள் தக்காளி பறிக்க வடக்கே போய்விடும். பிள்ளைகள் பாதி வருடத்தில் திரும்பி வந்து, விட்ட பாடம் எது, உட்காரும் பெஞ்சு எது என்று தெரியாமல் வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கு யார், எப்போது சொல்லிக் கொடுப்பது? இதை ஒரு நாளாவது பேசி முடித்துவிட வேண்டும் என்று எவேலியா தவம் கிடந்தாள்.

"பேசலாம் டீச்சர், எங்க ஓடிடப் போகுது? கஞ்சி ஆறிடும்ல" என்றார் விளையாட்டு வாத்தியார் ருத்திலியோ.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. மறுமுனையில் வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சூப்பர்வைசரான கத்தலான்.

"பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை உங்க கூட்டத்துல வந்து உட்காரப் போறேன். டீச்சருங்க சேர்ந்து பேசி, சேர்ந்து முடிவெடுக்கறாங்களான்னு பார்க்கணும். பார்த்துட்டு உங்க விஷயத்தையும் தீர்மானிச்சிடலாம்."

"என்... என் விஷயமா சார்?"

"ஆமா, உங்க விஷயந்தான்." போன் வைக்கப்பட்டது.

தலைமையாசிரியர் நாற்காலி காலியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அன்றிலிருந்து துணைத் தலைமையாசிரியையான எவேலியா கையில்தான் பள்ளி. அந்த நாற்காலியில் முன்பு இருந்தவரைக் கடற்கரைப் பக்கம், வெயிலும் கொசுவும் போட்டி போடும் ஓர் ஊருக்குத் தூக்கியடித்தார்கள். கூட்டம் நடத்தத் தெரியாததால்தான் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். அடுத்தது தான்தான்.

அவள் இந்தப் பள்ளியை விட்டுப் போகிற ஜாதி இல்லை. சுதந்திர தின ஊர்வலத்தில் பள்ளி பேண்டு சதுக்கத்துக்குள் திரும்பும்போது பெருமை தாங்காமல் கை வலிக்கக் கைதட்டுவாள். யாருக்கும் நடுவில் ஓட்டை விழாமல் டைம்டேபிள் போட்ட முதல் ஆள் அவள்தான். அந்த டைம்டேபிளால் செனாய்தா இரண்டு மணி வேனைப் பிடித்துப் பகலிலேயே வீடு போய்ச் சேருகிறாள். அவள் விடாமல் அலைந்ததால் சோதனைக்கூடத்துக் குழாயில் தண்ணீர் வருகிறது. ஆனால் இதையெல்லாம் எவேலியா கணக்கில் சேர்த்ததில்லை. பென்சிலும் ரப்பரும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்வார்கள் என்பது அவள் எண்ணம்.

அன்று முதல் வியாழக்கிழமை சாயங்காலம் தோறும் வீட்டில் சாப்பாட்டு மேசையில் கலர் பென்சில்களைப் பரப்பிக்கொண்டு திட்டம் போட ஆரம்பித்தாள்.

நவம்பர் திட்டம் எளிமையானது. சாப்பாடு கிடையாது.

எல்லாரும் சரியாக ஒன்பது மணிக்கு வந்தார்கள். எவேலியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதை முன்பே செய்திருக்கலாமே!

"யார் முதல்ல பேசறீங்க?"

எங்கோ ஒரு வயிறு கடமுடவென்றது.

"அது நான் இல்ல" என்றார் ருத்திலியோ.

"பசியில எனக்குக் கூட்டல்கூட வராது டீச்சர்" என்றார் எர்மிலோ. "அஞ்சே நிமிஷம், ஸ்கூல் கேட்டுல இருக்கிற கடை வரைக்கும் போயிட்டு வந்துடறோம்."

மொத்தமாகப் போனார்கள். மதியம்தான் மொத்தமாகத் திரும்பினார்கள், சட்டைக் காலரில் மிளகாய்ச் சாற்றுடன்.

டிசம்பரில் திட்டத்தை மாற்றினாள். சாப்பாடு உண்டு, ஆனால் முடிவில். மூலையில் மேசை, மேசைமேல் வெள்ளைத் துணி, துணிக்கு அடியிலிருந்து வாசனை. கூட்டம் குதிரைப் பாய்ச்சலில் போயிற்று.

"திரும்பி வர்ற பிள்ளைங்களைத் தனி வகுப்புல வெக்கலாமா?"

"வெக்கலாம்!" என்றது கூட்டம் ஒரே குரலில்.

எவேலியாவுக்கு மெய்சிலிர்த்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. "இல்ல, மத்த பிள்ளைங்களோட சேர்த்தே வெக்கலாமா?"

"சேர்த்தே வெக்கலாம்!"

"ரெண்டும் எப்படிங்க முடியும்?"

"நம்ம ஸ்கூல்ல முடியாததுன்னு ஒண்ணு இருக்கா டீச்சர்?" எர்மிலோ எழுந்து நின்றிருந்தார். கையில் தட்டு இருந்தது.

ஜனவரியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். ஆசிரியர்களுக்கான மாலை வகுப்பு ஒன்றில் படித்திருந்தாள்: ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுத்தால் கூட்டம் தானாக ஓடும். குறித்துக்கொள்ள ஒருவர், நேரம் பார்க்க ஒருவர். நேரம் பார்க்க ருத்திலியோவைவிடப் பொருத்தமான ஆள் உண்டா?

அவர் விசிலோடு வந்தார். சட்டைப் பையில் கால்பந்து நடுவரின் அட்டைகளும் இருந்தன, மஞ்சளும் சிவப்பும்.

"செனாய்தா டீச்சர், குறுக்க பேசறீங்க. மஞ்சள்."

"நான் இருமினேன் சார்!"

"நடுவர்கிட்ட வாதமா? சிவப்பு. வெளியே."

செனாய்தா கைப்பையை எடுத்துக்கொண்டு பரிசு வாங்கியவள் போலத் தலை நிமிர்ந்து வெளியேறினாள். அதைப் பார்த்த மற்றவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. எர்மிலோ காரணமே இல்லாமல் "ஆஃப்சைடு!" என்று கத்திச் சிவப்பு அட்டையைச் சம்பாதித்துக்கொண்டார். விசில் மேல் விசில். வட்டத்தில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

"ருத்திலியோ சார், போதும் நிறுத்துங்க!"

"மன்னிக்கணும் டீச்சர். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

தான் கூட்டிய கூட்டத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில், சிவப்பு அட்டை வாங்கிய ஆளாக எவேலியா நின்றாள். உள்ளே தனியாக இருந்த ருத்திலியோ ஆட்டம் முடிந்ததற்கான நீண்ட விசிலை ஊதினார்.

இனி ஒத்திகை பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"சூப்பர்வைசர் வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கூடிப் பழகிடுவோம். வர்ற வியாழக்கிழமை சாயங்காலம்."

"வியாழக்கிழமையா?" தாலியைக் கழற்றித் தரச் சொன்னதுபோலப் பதறினார்கள். இந்தப் பக்கத்தில் வியாழக்கிழமை என்றால் போசோலே. சோளமும் கறியும் கொதிக்கிற அந்தப் பச்சைச் சூப்புக்காக அலுவலகமெல்லாம் பாதிக் கதவைச் சாத்திவிடும். திட்டம் போடுவதற்காக அதையும் விட்டுவிட்டு வீட்டில் கிடந்த ஒரே ஆத்மா எவேலியாதான்.

"எனக்குப் பல்லு வலி டீச்சர், டாக்டரைப் பார்க்கணும்" என்றாள் செனாய்தா.

"எனக்கும்" என்றார் ருத்திலியோ.

"எனக்குப் பல் செட்டுதான்" என்றார் எர்மிலோ. "ஆனா இவங்களுக்குத் துணைக்கு ஆள் வேணுமே."

பிப்ரவரி கடைசி வெள்ளியும் வந்தது. சூப்பர்வைசர் கத்தலான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். அவர் வருவதற்கு முன்பே எவேலியா எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும். எனக்காக."

"உங்களுக்காகத்தான் டீச்சர்" என்று செனாய்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு மூணு பேரா பிரிஞ்சு உட்காருங்க" என்று எவேலியா தொடங்கினாள்.

எர்மிலோவின் குழுவில்தான் இருப்பேன் என்று எல்லாரும் ஒரு பக்கம் போனார்கள். கூட்டம் தாங்காமல் எர்மிலோ எழுந்து எதிர்ப்பக்கம் போனார். எல்லாரும் பின்னாலேயே போனார்கள். நாற்காலி இழுபடும் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒருவழியாக உட்கார்ந்ததும் எர்மிலோ தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளி பேண்டு கோப்பை வாங்கிய கதையைத் தொடங்கினார். ருத்திலியோ குறட்டை விட்டார். அந்தக் குறட்டை சுருதியில் இல்லை என்று செனாய்தா சண்டைக்குப் போனாள்.

பொறுக்க மாட்டாமல் சூப்பர்வைசர் எழுந்தார். "தள்ளுங்க டீச்சர். கூட்டம்னா எப்படின்னு நான் காட்டறேன். என்ன விஷயம் பேசணும்?"

"சார்" என்றார் எர்மிலோ பணிவாக, "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம். உங்க ஊர்த் தமாலே பெருசா, எங்க ஊர்த் தமாலே பெருசா?"

"இதுல என்னய்யா சந்தேகம்? எங்க ஊருதான்!"

அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்து சூப்பர்வைசர் மேசையைத் தட்டிக்கொண்டு, தன் அம்மா மாவு பிசையும் முறையை மூச்சிரைக்க விளக்கிக்கொண்டிருந்தார். எவேலியா கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் எழுதிய வரி அழியாமல் அப்படியே இருந்தது.

தாழ்வாரத்தில் சூப்பர்வைசர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருபது வருஷமா ஸ்கூல் ஸ்கூலா சுத்தறேன் டீச்சர். இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்ல."

"என்னை மாத்திடுவீங்களா சார்?"

"மாத்தறதா? இவங்களை யார்கிட்டம்மா விட்டுட்டு உங்களைக் கூட்டிட்டுப் போறது? இங்கேயே இருங்க. ரொம்ப வருஷம் இருங்க." தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

நூலகத்தில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். "என்ன சொன்னாரு டீச்சர்?"

"இங்கேயே இருக்கச் சொல்லிட்டாரு."

செனாய்தா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ருத்திலியோ விசிலை எடுத்து மூச்சு முட்டும்வரை ஊதினார். எர்மிலோ ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார். பரிதாபப்படுகிறார்கள் என்று எவேலியா நினைத்தாள். பள்ளி மிஞ்சியது நிம்மதிதான். ஆனால் மானம் மிஞ்சவில்லையே.

அடுத்த வியாழக்கிழமை திட்டம் போட ஒன்றுமில்லை. கலர் பென்சில்களைச் சீவி அடுக்கினாள். மேசையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பிறகு எழுந்து ஃபிதென்சியா அம்மாவின் போசோலே கடைக்கு நடந்தாள்.

கடை நிரம்பி வழிந்தது. கடைசி மேசைக்குப் பின்னால், திரைச்சீலை போட்ட அறையிலிருந்து பழகிய குரல் ஒன்று கேட்டது. எவேலியா திரையின் ஓரமாக எட்டிப் பார்த்தாள்.

பள்ளி ஆசிரியர்கள் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கிண்ணங்கள் ஓரமாக ஒதுங்கியிருந்தன.

"அறுவடையிலேருந்து திரும்பின பிள்ளைங்கள்ல ஆறு பேருக்கு ஆள் ஆச்சு" என்றார் எர்மிலோ. "ஏழாவது, அந்த மரீனாப் பொண்ணு. யார் பார்த்துக்கறீங்க?"

"நான்" என்றாள் செனாய்தா. "செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடறேன். ஆனா கணக்கு எனக்கு வராதே."

மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

"கணக்கு சாருக்கு ஏற்கெனவே ரெண்டு பிள்ளைங்க இருக்கு, இதை நான் பார்த்துக்கறேன்" என்றார் ருத்திலியோ. "தோட்டத்துல தக்காளிக் கூடை எண்ணின பொண்ணு அது. கூடையில இருந்தே ஆரம்பிக்கறேன். சரியா எர்மிலோ சார்?"

"சரிதான். அப்படியே முடிவு பண்ணிடலாமா எல்லாரும்?"

தலைகள் அசைந்தன. எவேலியா இத்தனை நாளாகக் கனவு கண்ட கூட்டம் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. பேண்டு திரும்பும்போது தட்டுவதுபோலவே கைதட்டப் போனவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட ஆசிரியர்கள்! கூடவே மனசு சுருங்கியது. ஆக, இவர்களுக்குக் கூட்டம் நடத்த நன்றாகவே தெரியும். நான் இருந்தால்தான் நடக்காது.

சத்தம் போடாமல் திரும்பினாள். வழியை மறித்துக்கொண்டு, கையில் ஆவி பறக்கும் கிண்ணத்துடன் ஃபிதென்சியா அம்மா நின்றிருந்தாள்.

"உள்ள போகாம எங்க டீச்சரம்மா ஓடறீங்க? உங்க கூட்டம் மட்டும் ஒரு தடவை நல்லா நடந்துட்டா, எல்லா ஸ்கூலுக்கும் சொல்லிக்கொடுக்கன்னு உங்களை ஒரேயடியா தலைநகர் சில்பன்சிங்கோவுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு அந்த சூப்பர்வைசர், நீங்க பொறுப்பேத்த புதுசுல, இங்க சாப்பிடறப்ப இவங்க காதுபட வாய்விட்டாரா, அன்னையிலேருந்து வியாழன் தவறாம உட்கார்ந்து, உங்க வெள்ளிக்கிழமையை எப்படிக் கெடுக்கலாம்னு ஆளாளுக்கு வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்க பாருங்க, அப்படி ஒரு ஒத்துமையை இந்த ஊர்ல நான் பார்த்ததே இல்ல!"