மில்லிமீட்டரின் இஞ்சின்

பிஸ்டன் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் இருந்த சிலிண்டரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிஸ்டனைக் கடையக் கொடுக்குமுன் சிலிண்டரின் வாயை மூன்று முறை அளந்திருந்தார். மூன்று முறையும் ஒரே அளவுதான் வந்தது.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடம் போட்டவர் அவர். கோடு கொஞ்சம் நகர்ந்தாலும் ஒருவருடைய கிணறு அடுத்தவருக்குப் போய்விடும் என்பதால் அளவில் அப்படி ஒரு கறார். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். ஓய்வு பெற்ற அன்று மாலையோடு அந்தப் பெயரும் வீட்டுக்கு வந்துவிட்டது.

இஞ்சின் அவருடையது இல்லை, தம்பியுடையது. பின்பக்கக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த சின்ன டிராக்டரை ஒரு நாள் ஓட்டிக் காட்டுகிறேன் என்று தம்பி பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போன வருடம் ஒரு மத்தியானம் குளிக்கப் போனவன் குளியலறையிலேயே விழுந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு நான்கு மாதம் மில்லிமீட்டர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். விளக்கை அணைத்தால் படுத்தார். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், அதையும் பேசாமல் விழுங்கினார்.

பிறகு ஒரு நாள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்து இறக்கிவைத்து, "இது ஓடும்" என்றார். மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

கொட்டகை ஒழுகியதால் டிராக்டரிலிருந்து கழற்றிய இஞ்சின் சாப்பாட்டு மேஜைக்குக் குடிவந்தது. புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். துரு தின்றுவிட்ட பாகங்களுக்கு மாற்றாக, பிஸ்டன் ஒரு தண்ணீர்ப் பம்பிலிருந்து வந்தது. வால்வு கல்லுடைக்கும் இயந்திரத்தில் இருந்தது. பெரிய சக்கரம் எதில் இருந்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை. இப்படி ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவற்றைக் கடைந்து பொருந்தவைக்க ஒரு லேத்துப் பட்டறைக்காரர் இருந்தார். அளவு எழுதிய சீட்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது மனைவி. அவள் வேலை பார்த்த மருந்துக்கடைக்குப் போகும் வழியில்தான் பட்டறை. இந்த வயசில் இதெல்லாம் ஒரு கேடா என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போவாள்.

மாட்டிக்கொண்ட பிஸ்டன் குளிர்ந்தால் சுருங்கும் என்று மில்லிமீட்டர் சிலிண்டரோடு தூக்கி ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்.

"பட்டாணி எங்கங்க?"

"வெளியில."

"எப்பலேர்ந்து?"

"முந்தாநேத்திலேர்ந்து. அது சுருங்கணும்ல."

சுருங்கத்தான் செய்தது. ஆனால் வெளியே வருவதற்குப் பதில் இன்னும் ஆழத்துக்குப் போய், சூடு ஏறியதும் அங்கேயே இறுகிக்கொண்டது. ஃபிரிட்ஜின் தட்டும் உடைந்தது. சுத்தியலால் தட்டினார், பிஸ்டன் விரிசல் விட்டது. வேறு பிஸ்டன் தேடிப் பிடித்தார். இந்த முறை அதன் குறுக்கே போகும் 'பின்' என்ற சிறு கம்பி நுழையவில்லை. அரத்தால் தேய்த்தார். தேய்த்தது அதிகமாகி ஆட ஆரம்பித்தது. புதிய பின் வந்தது, அதுவும் தடிப்பு. வால்வுத் தண்டு தடிப்பு. உள்ளே போடும் பித்தளை வளையமும் தடிப்பு, அதற்கு மாற்றாக வந்த வளையமும் தடிப்பு.

பட்டறைக்குப் போய்ச் சண்டை போட்டார். பட்டறைக்காரர் கையைத் துணியில் துடைத்தபடி, தலை நிமிராமல், சீட்டில் இருந்ததைத்தான் கடைந்தேன் என்றார்.

அப்படியென்றால் தப்பு தன் கண்ணில்தான் என்று மில்லிமீட்டர் முடிவு செய்தார். கண் டாக்டர் புதுக் கண்ணாடி கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டதும் தரை கொஞ்சம் மேலே வந்துவிட்ட மாதிரி தெரிந்தது. டாக்டர் வீட்டுப் படியிலேயே விழுந்து கணுக்காலில் கட்டோடு திரும்பினார்.

காலை நீட்டி உட்கார்ந்திருந்த நாட்களில் வேறு ஒரு பயம் பிடித்தது. இந்தக் கண்ணால் முப்பத்தொரு வருடம் கோடு போட்டிருக்கிறோமே, எத்தனை பேர் கிணறு கைமாறிப் போயிருக்கும்? தன் கையால் போட்ட வரைபடங்கள் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும், தவறு முழுவதும் தன்னுடையது என்று அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். தபாலில் போடச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே அதைப் படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள். அன்றைக்கு மட்டும் அவள் முணுமுணுக்கவில்லை. அலுவலகத்திலிருந்து பதிலும் வரவில்லை.

அடுத்த வாரம் அக்காவுக்கு ஆபரேஷன் என்று செய்தி வந்து மனைவி பத்து நாள் ஊருக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, தான் வரும்வரை அந்த இரும்பைத் தொடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். பஸ் கிளம்பிய அரைமணி நேரத்தில் மில்லிமீட்டர் கம்பை ஊன்றிக்கொண்டு தானே பட்டறைக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பட்டறைக்காரரே பின், வால்வுத் தண்டு, பித்தளை வளையம் எல்லாவற்றையும் புதிதாகக் கடைந்து எடுத்து வந்தார். வளையம் சத்தமே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. மில்லிமீட்டரால் நம்ப முடியவில்லை, வெளியே எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

மிச்சத்தை இருவருமாகப் பூட்டி முடிக்க மாலையாகிவிட்டது. புகைக்குழாயை ஜன்னல் வழியாக வெளியே நீட்டினார்கள். மேஜையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார்கள். நாலாவது சுற்றில் இஞ்சின் ஒரு முறை இருமியது. பிறகு ஓட ஆரம்பித்தது. அலமாரியில் தட்டுகள் நடந்தன. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து மில்லிமீட்டரின் தலையில் விழுந்தது. அவர் அசையவில்லை. சூடாகிக்கொண்டிருந்த இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்து, தம்பியின் பெயரை ஒரு தடவை சொன்னார். அந்தச் சத்தத்தில் அது அவருக்கே கேட்டிருக்காது.

பதினோரு நிமிடத்தில் எண்ணெய் தீர்ந்து இஞ்சின் நின்றது. மில்லிமீட்டர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஆறு தடவை தப்பாப் போச்சு. இப்பவும் அதே கண்ணு, அதே கைதான் அளந்துச்சு. இது மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?"

பட்டறைக்காரர் சாமான்களைப் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டே சொன்னார்:

"ஆறு தடவையும் உங்க அளவு சரிதான் சார். இது ஓடிடுச்சுன்னா நீங்க மறுபடியும் பேச்சை நிறுத்திடுவீங்கன்னு பயந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை அதிகமா வெச்சுக் கடையச் சொல்லுவாங்க வீட்டம்மா. இந்தத் தடவை அவங்க ஊர்ல இல்ல."