முதல் துண்டில் அழுத்தம்

கலியாணமாகி ஆறு வருடத்தில் ஒருமுறையாவது ரதியை ஏமாற்றிவிடுவது என்று அந்தத் திங்கட்கிழமை முடிவெடுத்தேன். விளையாட்டுக்கில்லை. நோர்வேயிலிருந்து, நோர்வே மொழியில், ஓர் அலுவலகக் கடிதம் வந்திருந்தது. அங்கே மீன் தொழிற்சாலையில் வேலைசெய்த அவளுடைய அண்ணன் இராஜரட்ணம் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டார். ரதிக்கு ஐந்து மாதம். இதற்குமுன் இரண்டு தரம் கலைந்துவிட்டது.

ரொறன்ரோவுக்கு வருமுன் நான் நோர்வேயில் மூன்று வருடம் இருந்தவன். ரதிக்கு அந்த மொழி தெரியாது. தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு மேசையில் தட்டித் தட்டி நான் அளந்ததுதான்.

"நீளச் சொல்லுக்குப் பயப்படாதையும். வெட்டும். சூக்க, ஹூஸ். வருத்தம், வீடு. ஆஸ்பத்திரி! அழுத்தம் முதல் துண்டிலை. பார்ண, ஹாக. பிள்ளை, தோட்டம். நேர்சரி!"

"பிள்ளை முளைக்கிற தோட்டமோ? எங்களுக்கும் ஒரு விதை கேட்டு எழுதுங்கோவன்."

கடிதத்தை நான் மடிக்கும்போதே கேட்டாள்.

"அண்ணை என்னவாம்?"

"கொண்ணர் வீடு மாறிட்டாராம்."

"உதுக்குக் கந்தோரோ கடிதம் போடும்?"

"நோர்வேயிலை அப்பிடித்தான்."

கடிதத்தை என் குளிர் ஜக்கெற்றின் உள்பொக்கெற்றில் ஒளித்தேன். மே மாதத்தில் அதை யார் தொடுவார்?

செவ்வாய் பருப்பும் கத்தரிக்காயும். புதன் பூசணிக்காய். வியாழன் மறுபடியும் பருப்பு.

"மீன் இல்லையோ?"

"மணம் வயித்தைப் பிரட்டுது."

வெள்ளிக்கிழமை சாமிப்படத்துக்கு விளக்கும் இல்லை. எண்ணெய் முடிந்துவிட்டதாம். கண் சிவந்திருந்தது. வெங்காயமாம். நம்பினேன். ஆறு வருடத்தில் எனக்கு முதல் வெற்றி. அது நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது.

சனிக்கிழமை, அவள் வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று விளைமீன் வாங்கிவந்தேன். கதவைத் திறந்தவள் வழிவிடவில்லை. கையில் அந்தக் கடிதம்.

"குளிர் முடிஞ்சா ஜக்கெற் தோய்க்கிறது நான்தானே. செவ்வாய்க்கிழமை தோய்ச்சன். லைப்ரரியிலை டிக்சனரி பாத்தன். அண்ணையின்ரை பேருக்குப் பக்கத்திலை ஒரு நீளச் சொல், டோட்ஸ்உலூக்க. முழுச்சொல் இல்லை. நீங்கள் சொன்னமாதிரி வெட்டினன். டோட்ஸ், சாவு. மற்றத் துண்டை நான் தேடேல்லை. அழுத்தம் முதல் துண்டிலைதானே."

"செவ்வாயே தெரியுமோ? ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்குப் பிறஷர். தாங்கமாட்டியள்."

என் கையில் மீன்பை சொட்டிக்கொண்டிருந்தது.

"உதை வெளியிலை வையுங்கோ. செத்தவீட்டுக்கு மீனோடை வந்த முதல் ஆள் நீங்கள்தான்."