முன்னால் போன கறுப்புக் கார்

"வலது! வலது! என்னங்க, வலது பக்கம்!" என்று மார்கரித்தம்மாள் அலறிய அலறலில், எதிரே வந்த வண்டிமாடுகளே திகைத்து நின்றுவிட்டன.

இக்னாஸ் ஸ்டியரிங் சக்கரத்தை ஒடித்துத் திருப்பினார். கார் தெருவின் வலப்பக்கம் சேர்ந்தது. பின்சீட்டில் மணப்பெண் மாரி-ரோஸ் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இக்னாஸ் காரைக்காலை விட்டுப் பினாங்கில் குடியேறியவர். அங்கே வெள்ளைக்காரன் சட்டப்படி இடப்பக்கமே கார் ஓட்டிப் பழகியவர். தாயில்லாத அக்காள் மகளுக்குச் சைகோனில் மாப்பிள்ளை அமைந்ததும், மனைவியையும் மணப்பெண்ணையும் காரையும் ஒரே கப்பலில் ஏற்றிக்கொண்டு நேற்றுத்தான் வந்து இறங்கினார்.

விடிந்ததும் காருக்குத் தண்ணீரும் எண்ணெயும் பார்த்தார். முன்கண்ணாடியில் மாதா சுரூபம் மாட்டினார். 'இது பிரஞ்சுக்காரன் ஊர், வலப்பக்கம்தான்' என்று மறக்காமலிருக்க வலது மணிக்கட்டில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டார். ஆனால் கை போகிற பக்கம் புத்தி போகவில்லை.

நாளைக்கு விபூதிப் புதன். நாற்பது நாள் தபசுகாலம் பிறந்துவிட்டால் பாஸ்குப் பண்டிகை வரைக்கும் கோவிலில் கல்யாணம் கிடையாது. இன்று உச்சிமணி அடித்ததும் சாமியார் படகேறி ஆற்றோரக் கிராமங்களுக்குப் போய்விடுவார். மாப்பிள்ளை மிஷேல் சைகோனை அடுத்த வெளியூர்ச் சுங்கச்சாவடியில் குமாஸ்தா. இவர்கள் பார்த்தது அவர் படத்தை மட்டும்தான். நேராகக் கோவிலுக்கே வந்துவிடுவதாக எழுதியிருந்தார்.

"அதோ இரட்டைக் கோபுரம்! இடது பக்கம் திரும்புங்க!"

"எப்படித் திரும்பறது? இந்தக் காருக்குச் சக்கரம் வலப்பக்கம். எதிர்ல வர்றது எனக்குத் தெரிஞ்சாத்தானே?"

அப்போது முன்னால் போன கறுப்புக் கார் ஒன்று நின்றது. குறுக்கே வந்த ஒரு கூடைக்காரியின் பழங்கள் தெருவில் சிதறிவிட்டன. அவள் கடைசிப் பழத்தைப் பொறுக்கி எடுக்கும்வரை அந்தக் கார் ஆரன் அடிக்காமல் காத்திருந்தது. பின்கண்ணாடியில் திரை தொங்கியதால் உள்ளே யார் என்று தெரியவில்லை.

"நல்ல மனுஷன்," என்றார் மார்கரித்தம்மாள். "ஊரும் தெரிஞ்சவனாத்தான் இருப்பான். கோபுரத்தைப் பார்த்துத்தான் போறான். பேசாம அவன் பின்னாலயே போங்க."

இக்னாஸுக்கு உயிர் வந்தது. பின்தொடர்ந்தார். தெருமுனை வந்ததும் ரப்பர் குமிழை அமுக்கினார். பாம்!

"எதுக்கு இந்தச் சத்தம்?"

"ஒவ்வொரு முக்கிலயும் ஆரன் அடிக்கணும். இந்த ஊர்ச் சட்டம். துறைமுகத்து வெள்ளைக்கார முசியே படிச்சுப் படிச்சுச் சொன்னார்."

கறுப்புக் கார் வலப்பக்கம் திரும்பியது. இவரும் திரும்பினார். அடுத்த முனை. பாம்! மறுபடி வலம். அடுத்த முனை. பாம்! வலம். இடியாப்பம் போன்ற எதையோ சூப்பில் போட்டு விற்றுக்கொண்டிருந்த பெண்ணைக் கடந்தார்கள். அவளருகே ஒரு நொண்டி நாய் படுத்திருந்தது.

சற்று நேரத்தில் மாரி-ரோஸ் மெல்லச் சொன்னாள்: "மாமா, இந்த அம்மாவை முன்னமே பார்த்தோமே?"

"இந்த ஊர்ல எல்லாரும் அதே ஓலைத்தொப்பிதாம்மா."

"நாயுமா அதே நாய்?"

மூன்றாம் சுற்றில் சூப்புக்காரி சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணத்தை நீட்டினாள். மார்கரித்தம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டார்.

"சேசுவே! இவன் ஆள் பிடிக்கிறவன்! பொண்ணு நகையோட இருக்கறதைப் பார்த்துட்டு நம்மைச் சுத்தவிடறான்!"

"கூடைக்காரிக்காக அவ்வளவு நேரம் நின்னவர் கெட்டவரா இருக்கமாட்டார் அத்தை," என்றாள் மாரி-ரோஸ்.

"நீ சும்மா இரு. கல்யாணப் பொண்ணுக்கு எல்லாரும் நல்லவங்களாத்தான் தெரிவாங்க. என்னங்க, சீக்கிரம் போகச் சொல்லி நல்லா அடிங்க!"

இக்னாஸ் அடுத்த முனையில் இரண்டு மடங்கு அமுக்கினார். பாம்! பாம்! கறுப்புக் கார் திடுக்கிட்டதுபோல் இரண்டு மடங்கு வேகத்தில் வலப்பக்கம் பாய்ந்தது. ஒரு கைரிக்ஷாக்காரன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"ஐயையோ, போதும்! இனிமே தொடாதீங்க!"

அடுத்த முனையில் இக்னாஸ் கையை மடியில் வைத்துக்கொண்டார். என்ன ஆச்சரியம்! கறுப்புக் கார் திரும்பாமல் நேராகப் போயிற்று. அதற்கடுத்த முனையில் சத்தமில்லாமல் இடப்பக்கம் திரும்பிற்று. தெருக்கோடியில் இரட்டைக் கோபுரம் நிமிர்ந்து நின்றது.

"மாதாவே, வழிக்கு வந்துட்டான்!"

பீய்ங்! விசில். போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்து காருக்குள் கைவிட்டு ரப்பர் குமிழைத் தொட்டுக் காட்டினார். பிறகு தெருமுனையைக் காட்டினார். கண்ணை உருட்டினார்.

"பார்த்தியா? அபராதம் போட்டிருப்பான். உன் பேச்சைக் கேட்டா இப்படித்தான்," என்றார் இக்னாஸ். போலீஸ்காரர் மனம் குளிரட்டும் என்று, எதிரே வந்த முனையில் முழுக்கையாலும் அமுக்கினார். பாஆஆம்!

கறுப்புக் கார் துள்ளி வலப்பக்கம் திரும்பிற்று. கோபுரம் மறைந்தது.

மாரி-ரோஸ் அழுதுவிட்டாள். "பாஸ்கு வரைக்கும் காத்திருக்கறதுகூடப் பரவாயில்லை மாமா. நான் வரலைன்னு அவர் நினைச்சுடுவாரே!"

இக்னாஸ் மாதா சுரூபத்தைப் பார்த்தார். அப்புறம், வேறு வழியில்லாமல், மறுபடியும் கறுப்புக் காரையே பார்த்தார்.

இன்னும் ஒரு முழுச் சுற்று. இந்த முறை போலீஸ்காரர் இரண்டு கைகளையும் விரித்து நடுத்தெருவில் நின்றுவிட்டார். இரண்டு கார்களும் நின்றன. அவர் முதல் காரைக் காட்டினார், இரண்டாவது காரைக் காட்டினார், விரலால் காற்றில் வட்டம் வட்டமாகப் போட்டுத் தன் தலையைத் தட்டிக்கொண்டார். தெருக்கோடியில் கோவில் தெரிந்தது. வாசற்படியில் சாமியார் கையை நெற்றியில் வைத்துத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிமணி இன்னும் அடிக்கவில்லை.

"இன்னிக்கு அவனை ரெண்டில் ஒண்ணு பார்த்துடறேன்," என்று இக்னாஸ் கீழே குதித்தார்.

அதற்குள் முன்காரின் ஓட்டுநர் ஓடிவந்தார். சேலை கட்டிய மார்கரித்தம்மாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கைகூப்பினார்.

"நம்ம ஊர்க்காரங்களா! என் பேரு நத்தர்ஷா. கோவிச்சுக்காதீங்கய்யா, பின்னால ஆரன் கேட்டா வலப்பக்கம் ஒதுங்கணும்னு இந்த ஊர்ச் சட்டமாம். நீங்க ஒவ்வொரு முக்கிலயும் அடிச்சீங்க, நானும் ஒவ்வொரு முக்கிலயும் வலப்பக்கத் தெருவுக்குள்ள ஒதுங்கிட்டேன். இனிமே அடிக்காம இருந்தீங்கன்னா, பொண்ணு காத்திருக்குமேன்னு உள்ள அழுதுகிட்டிருக்கற எங்க மிஷேல் மாப்பிள்ளையைக் கோவில்ல கொண்டு சேர்த்துடுவேன்!"