வயிற்றுவலிப் பதிவேடு

குழந்தைகளின் பயத்தை உலகம் இத்தனை காலம் மருத்துவர்களிடம் விட்டுவைத்தது பெரும் தவறு. அதற்கு ஒரு கோப்பு திறந்து, எண் கொடுத்து, நாடா கட்டிய பெருமை போர்ட் பிளேர், டெலானிபூர் அரசுக் குடியிருப்பில் வசிக்கும் தலைமை எழுத்தர் பக்தவத்சலத்தையே சேரும்.

அவருடைய ஒரே மகள் திவ்யா மூன்றாம் வகுப்பு. பள்ளி நாட்களில் காலை ஆறரைக்கு அவளுக்கு வயிறு வலிக்கும். ஆறரைக்குத்தான் அந்த வீட்டில் 'தினசரி ஆய்வுக் கூட்டம்'. தலைவர் பக்தவத்சலம்; உறுப்பினர் திவ்யா ஒருத்தி. டிக்டேஷனில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கினால், மீதி இரண்டு என்னவாயிற்று என்று எழுத்து மூலம் விளக்கம் கேட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மெமோ ஒட்டுவார். விளக்கம் கேட்காமல் திட்டுவது அநீதி அல்லவா?

குழந்தை பேச்சைக் குறைத்தாள். ஸ்கூல் பஸ் ஹார்ன் கேட்டால் பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். ஒரே மாதத்தில் ஒன்பது நாள் பள்ளிக்குப் போகவில்லை. பக்தவத்சலம் நிஜமாகவே கலங்கிப் போனார். மகள் என்றால் அவருக்கு உயிர். மெமோவைக்கூட 'அன்புள்ள' என்றுதான் தொடங்குவார்.

பக்கத்து வீட்டு பிரேம் ஆலோசனை சொன்னார். "அரே பக்தா ஜி, எட்டு வயசுக் குட்டிக்கு என்ன டென்ஷன்? மெயின்லேண்டுக்கு ரெஃபர் வாங்குங்க. சென்னைல ஒரு ஸ்கேன் எடுத்தா சப் டீக், எல்லாம் சரியாயிடும்."

"ஸ்கேன் எல்லாம் வேணாங்க," என்றாள் மனைவி விசாலாட்சி. "ஒரு வாரம் அந்த ஆறரை மணிக் கூட்டத்த நிறுத்திப் பாருங்க."

"கூட்டத்துக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்? ஆதாரம் இருக்கா?"

விசாலாட்சியிடம் ஆதாரம் இல்லை. எனவே தீர்மானம் தள்ளுபடியானது.

கடைசியில் உள்ளூர் ஆஸ்பத்திரிக்கே போனார்கள். அங்கே மனநல மருத்துவர் ஸ்வப்னா குழந்தையோடு அரை மணி நேரம் படம் வரைந்தார். பிறகு பக்தவத்சலத்தை அழைத்தார்.

"வயித்துல ஒண்ணும் இல்ல சார். பயம். சின்னப் பசங்களுக்கு அது வயித்துவலியாவும் வரும். ஆனா வலி அஸ்லி வலி, நடிப்பு இல்ல. திட்டாதீங்க, மார்க் கேக்காதீங்க, தினம் கொஞ்ச நேரம் அவகூட சும்மா விளையாடுங்க. எப்ப வலிக்குதுன்னு ஒரு மாசம் குறிச்சு வைங்க."

இத்தனையில் கடைசி வாக்கியம் மட்டும் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. அன்று மாலையே கெட்டி அட்டைப் பதிவேடு வந்தது. மறுநாள் ஆறரைக் கூட்டத்தில் வயிற்றுவலியும் ஒரு பொருளாகச் சேர்க்கப்பட்டது.

"வலி எந்த இடத்துல? எத்தனை மணிக்கு ஆரம்பம்? நிமிர்ந்து நின்னு சொல்லு."

திவ்யா நிமிர்ந்து நின்று அழுதாள். அதுவும் பதிவானது.

நடுவில் மூன்று நாள் அவருக்குத் திக்லிபூருக்கு டூர். பொறுப்பை மனைவியிடம் முறைப்படி ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினார்.

மாத முடிவில் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய், பதிவேட்டை இரு கைகளாலும் சமர்ப்பித்தார். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் நின்றார்.

"இந்த மூணு நாளும் வலி இல்லன்னு இருக்கே?"

"தப்பு நடந்துபோச்சு மேடம். நான் டூர்ல இருந்தேன். மேற்பார்வை இல்ல. பதிவு ஒழுங்கா நடக்கல. என் வொய்ஃபுக்கு மெமோ குடுத்திருக்கேன்."

விசாலாட்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் குழந்தையிடம் குனிந்தார்.

"சச் போலோ பேட்டா, உண்மையச் சொல்லு. அந்த மூணு நாளும் வலிக்கவே இல்லையா?"

திவ்யா அப்பாவைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"வலிக்கல ஆன்ட்டி. அப்பாவுக்கு அடுத்த டூர் எப்ப?"

பக்தவத்சலம் பேனாவை எடுத்தார். டாக்டர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மனைவியிடம் அவர் கேட்ட ஆதாரத்தை ஒரு மாதம் பாடுபட்டு அவரே திரட்டியிருந்தார். வலி வந்த ஒவ்வொரு நாளுக்கும் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது, தேதியோடு.